அம்மா "வேண்டாம்" என்று சொல்லும் வீட்டில் அன்பை எப்படிக் காட்டுவது?

கேள்வி இதுதான்: "வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் அம்மா, அப்பா, அம்மம்மா, உயர்தரம் படிக்கும் தம்பி ஆகியோருடன் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் வேலை. அக்கா கல்யாணம் முடித்து ரொறன்ரோவில். வீட்டாருக்குச் சின்னதாக ஏதாவது நல்லது செய்ய ஆசை. ஆனால் எதையாவது வாங்கிக்கொண்டு போனால் அம்மா 'ஏன் பிள்ளை காசை வீணாக்கினனீ?' என்கிறார். அப்பா ஒன்றுமே சொல்வதில்லை. எனக்கும் கூச்சமாக இருக்கிறது. பெரிய செலவில்லாமல், நாடகம் போடுவது மாதிரித் தெரியாமல் என்ன செய்யலாம்?"

முதலில் அம்மாவின் "வேண்டாம்" பற்றி. அவருக்கு முதலில் உறுத்துவது செலவுதான். உங்கள் அம்மாவின் வயதில் உள்ள பலர் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு, கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தவர்கள். வாடகை வீடு, பிள்ளைகளின் படிப்பு, ரியூசன் காசு என்று ஒவ்வொரு ரூபாவையும் எண்ணி வைத்தே இந்த நகரத்தில் காலூன்றினார்கள். கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று பார்த்தால் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. காஸ் இல்லை, பால்மா இல்லை, மருந்துக்குத் தட்டுப்பாடு. அப்படி வாழ்ந்தவர் கையில் ஒரு கேக் பெட்டியைக் கொடுத்தால், கேக்குக்கு முன்னால் விலைதான் கண்ணில் படும். இதை மனவருத்தமாக எடுக்காதீர்கள். பொருளை விட்டுவிட்டு வேலையில் தொடங்குங்கள். அவர்கள் தினமும் சுமக்கிற அலுவல்களில் ஒன்றைச் சத்தமில்லாமல் உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

கொழும்பில் பல வருடங்களாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். குடும்பப் பிரச்சினையோடு வருகிறவர்களிடம், "உங்கள் வீட்டில் யாராவது உங்களை நினைத்து ஒன்று செய்தது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்பது என் வழக்கம். நகை, போன், பிறந்தநாள் விருந்து என்று சொல்கிறவர்கள் குறைவு. "காய்ச்சலில் படுத்திருந்தபோது இரவில் எழும்பி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்", "நான் வேலையால் வர முதல் வாளியில் தண்ணி நிரப்பி வைத்திருப்பாள்", இப்படித்தான் பதில் வரும். சொல்லும்போது பலருக்குக் குரல் தழுதழுக்கும். அதனால் சின்னது என்று தயங்க வேண்டாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நியல் போல்ஜர் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2000 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நியூயோர்க்கில் சட்டத்தரணிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைகளையும் தினமும் குறிப்பு எழுதச் சொன்னார்கள். துணை "இன்று நான் உதவினேன்" என்று எழுதியிருக்க, படிக்கிறவர் அதைக் கவனித்ததாகவே எழுதாத நாட்கள் இருந்தன. அப்படிக் கண்ணில் படாமல் கிடைத்த உதவிதான் படிக்கிறவரின் மனச்சோர்வைக் கூடுதலாகக் குறைத்தது. கண்ணுக்குத் தெரிந்த உதவி சில வேளைகளில் மனத்தைக் கனக்க வைத்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். "பார், உனக்காகச் செய்கிறேன்" என்று ஒருவர் முன்னால் வந்து நின்றால், "என்னால் தனியாக முடியவில்லை போல" என்ற எண்ணமும் "இதற்குத் திருப்பிச் செய்ய வேணுமே" என்ற கடனும் கூடவே வந்துவிடும். உங்கள் அம்மா கேக்கைப் பார்த்து முகம் சுளிப்பதிலும் இந்தக் கடன் உணர்வு கொஞ்சம் இருக்கலாம்.

ஆகவே அறிவிக்காமல் செய்யுங்கள். இன்னொன்று, செய்வதை முழுதாகச் செய்யுங்கள். பலர் தவறுகிற இடம் இதுதான். "அம்மா, நான் இன்றைக்குச் சமைக்கிறேன்" என்று குசினிக்குள் போய், "வெங்காயம் எங்கே? எந்தச் சட்டி? உப்பு எவ்வளவு? தேங்காய்ப்பால் முதலாம் பாலா, இரண்டாம் பாலா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அம்மாவின் கை மட்டும்தான் ஓயும். தலை ஓயாது. கடைசியில் அவரே வந்து அடுப்படியில் நின்றுவிடுவார். வீட்டு வேலையில் பெரிய பாரம் அந்த நினைத்து வைத்திருப்பதுதான். என்ன முடிந்துபோகிறது, எப்போது வாங்க வேண்டும், யாருக்கு எது ஒத்துவராது என்று ஒரு பட்டியல் அம்மாவின் தலைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வரியை அப்படியே வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

காஸ் சிலிண்டரையே எடுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் உங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு வருகிறது என்று யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு மட்டும் தெரியும். மாற்றிய அன்று திகதியை ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அடுத்தது முடியப்போகும் கிழமையில் நீங்களே கடைக்கு அழைத்துச் சொல்லுங்கள், காசை எடுத்து வையுங்கள், கொண்டுவருகிறவர் லிப்டில் ஏறி வரும் நேரத்துக்கு வீட்டில் நில்லுங்கள். பூட்டிய பிறகு ரெகுலேட்டர் பொருந்துகிற இடத்தில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கசிகிறது என்று அர்த்தம். உடனே மூடிவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். இரண்டு, மூன்று தடவை இப்படி நடந்தால் அம்மா அந்த விஷயத்தை மறந்தே போய்விடுவார். அவருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய ஓய்வு அந்த மறதிதான். நன்றி வராமல் போகலாம். கவனிக்கப்படாத உதவிக்கு யார் நன்றி சொல்வார்கள்?

குசினியில் இன்னொரு இடம் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் என்று வையுங்கள். அம்மா மாவைக் குழைத்து, உரலில் போட்டு, தட்டுத் தட்டாகப் பிழிந்து அவிய வைப்பார். முதல் அவியல் அம்மம்மாவுக்கும் அப்பாவுக்கும் போகும். அடுத்தது தம்பிக்கு, பிறகு உங்களுக்கு. சொதியை மறுபடி சூடாக்கிக் கொடுப்பார், சம்பலை இன்னும் கொஞ்சம் போடுவார். எல்லாரும் எழும்பிய பிறகு, தட்டில் ஒட்டி உடைந்துபோன இடியப்பத்தையும் சட்டியின் அடியில் கிடக்கும் ஆறின சொதியையும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் நின்றபடியே சாப்பிடுவார். எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. அம்மாவைக் கேட்டால் "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பார். நம்பாதீர்கள்.

இரண்டாவது அவியல் ஏறும்போது குசினிக்குள் போங்கள். ஒன்றும் கேட்காமல் உரலை வாங்கி மிச்சத்தைப் பிழியுங்கள். மா இறுகிப்போய்க் கை நோகிற கட்டம் அதுதான். அம்மாவின் மணிக்கட்டுக்கு அது நல்லதில்லை. சூடான இடியப்பத்தில் ஒரு கோப்பையை முதலே எடுத்து மூடி வைத்துவிட்டு, "அம்மா, நான் இன்னும் சாப்பிடவில்லை, வாங்கோ, சேர்ந்து சாப்பிடுவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். "நீங்கள் உட்காருங்கோ, நான் போடுகிறேன்" என்றால் உட்கார மாட்டார். பிள்ளை தனியாகச் சாப்பிடக்கூடாது என்றால் உட்காருவார். அம்மாக்களின் சுபாவம் அப்படி. அதை அவர்களுக்கு நல்லதாகவே பயன்படுத்தலாம்.

வீட்டு வேலை பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் றொஸ், ஃபியோரே சிக்கோலி இருவரும் 1979 இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, காலைச் சாப்பாடு செய்வது, பாத்திரம் கழுவுவது போன்றவற்றில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலானவற்றில் 100 வீதத்தைத் தாண்டியது. சண்டையைத் தொடங்குவதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டபோதும் அப்படித்தான். நாம் செய்வது நம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, மற்றவர் செய்வதில் பாதியை நாம் காண்பதே இல்லை. நீங்களும் ஒரு மாதம் வீட்டுக்காக உழைத்த பிறகு, "நான் மட்டும்தான் எல்லாம் செய்கிறேன்" என்று தோன்றத் தொடங்கும். அப்படித் தோன்றுகிற நாளில், நீங்கள் செய்யாத ஆனால் நடந்து முடிந்த ஐந்து வேலைகளை எண்ணிப் பாருங்கள். லைட் பில் கட்டியாயிற்று. அம்மம்மாவின் பெட்சீட் மாற்றியாயிற்று. குப்பை கீழே போயிருக்கிறது. யார் செய்தார்கள்? கண்டுபிடித்து அவரிடமே சொல்லுங்கள்: "அப்பா, குப்பை நீங்களா கொண்டுபோனீங்கள்? நான் நினைச்சு நினைச்சு மறந்துபோனேன்." அவ்வளவு போதும்.

அடுத்தது அம்மம்மா. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நகரத்தில் வயதானவர்கள் எவ்வளவு தனியாக இருக்கிறார்கள் என்பது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. ஊரில் என்றால் வேலிக்கு மேலால் நாலு வார்த்தை பேசலாம், கோயிலுக்குத் தானாக நடந்து போகலாம். இங்கே மூன்றாம், நாலாம் மாடியில், கதவைத் திறந்தால் இன்னொரு மூடிய கதவு. சிங்களம் தெரியாது. கீழே கடைக்குப் போய் ஒரு பனடோல் வாங்குவதற்கும் துணை வேண்டும்.

சலரோகத்துக்கோ பிறஷருக்கோ அம்மம்மா அரச வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகிறவர் என்றால், அந்த ஒரு நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அது பெரும்பாலும் அம்மாவின் தலையில் இருக்கும். முதல் நாள் இரவே கிளினிக் கொப்பி, பழைய மருந்துத் துண்டு, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் குளிசைகளையும் எண்ணி எழுதி வையுங்கள். எதையாவது எடுக்காமல் விடுகிறாரா என்பது அதில்தான் தெரியும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால் ஒரு பணிசும் தேத்தண்ணிப் போத்தலும் பையில் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த கையோடு சாப்பிடக் கொடுங்கள். கூட்டமான இடத்தில் தலைசுற்றி விழுந்தால் பெரிய கரைச்சல். விடியவே போய் நம்பர் எடுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாக வாங்கில் ஒரு இடம் பிடித்து உட்கார வையுங்கள். முதுகு சாய்க்க இடம் இருந்தால் பாதி வலி இல்லை.

வைத்தியரிடம் கேட்க வேண்டியதை அம்மம்மாவிடமே முதல் நாள் கேட்டு எழுதுங்கள். "கால் விறைக்குது, இரவிலே அடிக்கடி சலம் போகுது" என்று உங்களிடம் சொல்வதை, வைத்தியருக்கு முன்னால் உட்கார்ந்ததும் "ஒண்டுமில்லை டொக்டர், சுகமாய்த்தான் இருக்கிறேன்" என்று மாற்றிவிடுவார். அந்தத் துண்டு உங்கள் கையில் இருக்கட்டும். ஆனால் அவர் வாய் திறக்க முதல் நீங்கள் பேசிவிடாதீர்கள். முதலில் அவர் சொல்லட்டும், விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். வயதானவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றி மூன்றாம் ஆள் மாதிரிப் பேசுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் அது எவ்வளவு நோகிறது என்று விளங்கும்.

வீட்டுக்கு வந்ததும் மருந்துப் பைகளின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் "காலை, சாப்பாட்டுக்கு முன்", "இரவு, சாப்பிட்ட பிறகு" என்று எழுதி ஒட்டுங்கள். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும் வேண்டிய நாலைந்து சிங்கள வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, வீட்டு முகவரியோடும் உங்கள் நம்பரோடும் அவருடைய பணப்பையில் வையுங்கள். பாதையில் தனித்துப்போனால் கை கொடுக்கும். தனியாகப் போகவே மாட்டார் என்றாலும் வையுங்கள். பையில் அது இருக்கிறது என்பதே ஒரு தைரியம்.

வெள்ளிக்கிழமையில் வேலையால் கொஞ்சம் முன்னதாக வர முடிந்தால் மயூரபதி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரப்படுத்தாமல், அவர் வேகத்தில்.

அப்பா. "ஒன்றுமே சொல்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்காகோவில் அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் செய்த ஒரு ஆராய்ச்சி இந்த இடத்துக்குப் பொருந்தும். குளிர்காலத்தில் ஒரு பூங்காவின் பனிச்சறுக்கு மைதானத்தில் நின்றவர்களுக்குச் சூடான சொக்கலேட் பானம் கொடுத்து, விரும்பினால் அதை அங்கே நிற்கும் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்கள், வாங்குகிறவருக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று மதிப்பிட்டார்கள். வாங்கியவர்கள் அதைவிடக் கூடுதலாகச் சந்தோஷப்பட்டிருந்தார்கள். கொடுக்கிறவர் தான் கொடுத்த பொருளின் அளவைப் பார்க்கிறார். வாங்குகிறவர் அதில் இருக்கும் மனத்தைப் பார்க்கிறார். உங்கள் கூச்சமும் இதிலிருந்து வருவதுதான். அப்பா பேசாமல் இருப்பதால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அதைச் சொல்ல யாரும் பழக்கவில்லை. "சாப்பிட்டியே?" என்று கேட்டால் அதற்குள் எல்லாம் இருக்கும்.

ஓய்வு பெற்ற அப்பாக்களுக்குச் செய்யக்கூடிய நல்லதில் முக்கியமானது அவர்களிடம் எதையாவது கேட்பது. காணி உறுதியை எப்படி வாசிப்பது, வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது, நல்ல மீனை எப்படிப் பார்த்து எடுப்பது என்று அவருக்குத் தெரிந்த ஒன்றை நிஜமாகவே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடன் வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் போங்கள். மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி அவர் விளக்குகிற அந்தப் பத்து நிமிடத்தில் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். இது நடிப்பாக இருக்கக் கூடாது. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவதை மட்டும் கேளுங்கள்.

போன் விஷயத்தில் நேரெதிர். அங்கே அவர் உங்களிடம் கேட்பார், அதுவும் தயங்கித் தயங்கி. "தாங்கோ, நான் செய்து தாறன்" என்று வாங்கி மூன்று தட்டில் முடித்துக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை கேட்கவே மாட்டார். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருங்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும், விரல் அவருடையதாக இருக்கட்டும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள். வங்கியில் இருந்து என்று சொல்லி யார் அழைத்தாலும் போனுக்கு வரும் இரகசிய எண்ணைச் சொல்லக்கூடாது என்பதையும் அப்போதே பொறுமையாகச் சொல்லிவையுங்கள். ஏமாந்த பிறகு சொல்வது யாருக்கும் உதவாது.

இன்னொன்றும் செய்யலாம், காசே செலவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வரும்வரை பெற்றோலுக்கும், அதற்கு முன்னும் பின்னும் காஸுக்கும் மனிதர்கள் வெயிலில் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கொழும்பில் அந்த வரிசைகளில் எத்தனையோ அப்பாக்கள் நின்றார்கள். வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி, பக்கத்தில் ஒரு தினசரியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தார்கள். பிறகு நிலைமை சரியானது, எல்லாரும் மறந்துவிட்டோம். உங்கள் அப்பாவும் நின்றிருப்பார். ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "அப்பா, அந்த நேரம் நீங்கள் லைனில் நின்று காஸ் கொண்டுவந்தது எனக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுங்கள். அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் அவரை நிறுத்த வேண்டாம்.

தம்பிக்கு அதிகம் தேவையில்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கிற பெரிய உபகாரம் மார்க்ஸ் பற்றிக் கேட்காத ஒரு ஆள். ரியூசன் முடிந்து களைத்து வரும்போது சாப்பாடு மூடியிருக்கட்டும், நீங்கள் பேச்சுக் கொடுக்காதீர்கள். இரவு படிக்கும்போது தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ஆனால் அவனாக வந்து ஒன்று சொல்லும் தருணம் வரும். "அக்கா, இன்றைக்கு கெமிஸ்ட்ரி சேர் என்னைத்தான் போர்டில் செய்யச் சொன்னவர்" என்பான். ஷெலி கேபிள் என்ற உளவியலாளரின் குழு 2004 இல் இருந்து காட்டி வந்த ஒரு விஷயம் இது: ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பது அந்த உறவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. "ஆ, நல்லது" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்வது ஒரு வகை. "போர்டில் செய்தால் காணுமே, பரீட்சையில் செய்ய வேணும்" என்பது இன்னொரு வகை, நம் வீடுகளில் தாராளமாகக் கிடைப்பது. உறவை வளர்ப்பது வேறொன்று. போனைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கணக்கு? சரியாய் வந்ததே? சேர் என்ன சொன்னவர்?" என்று கேட்பது. அந்தச் சந்தோஷத்தை அவன் இன்னொரு தடவை அனுபவிப்பான். துக்கத்துக்கு ஓடி வருகிற நாம் சந்தோஷத்துக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். இது தம்பிக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லாருக்கும் பொருந்தும்.

அக்காவைத் தூரத்தில் இருப்பதால் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் சொல்கிற மனவருத்தம் ஒன்றுதான்: வீட்டில் இருந்து அழைப்பு வந்தால் ஏதாவது தேவை என்று அர்த்தம். கூரை, வைத்தியச் செலவு, யாருக்கோ கல்யாணம். உங்கள் அழைப்பில் எந்தத் தேவையும் இல்லாதிருக்கட்டும். ரொறன்ரோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே காலை ஒன்பதரையோ பத்தரையோ, வேலை நேரம். பேச முடியாது. அப்படியானால் குரல் பதிவு அனுப்புங்கள். பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிடம் போதும். மழையில் காலி வீதி நெரிசல், கடற்கரைப் பக்கம் ரயில் போகிற சத்தம், அம்மம்மா யாரையோ திட்டுவது, எதுவானாலும் அனுப்பலாம். அங்கே பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் அதைக் கேட்பார். "பதில் போட வேண்டாம், சும்மா அனுப்பினனான்" என்று கடைசியில் சொல்லிவிடுங்கள். எதிர்பாராமல் வந்த ஒரு விசாரிப்பை மனிதர்கள் நாம் நினைப்பதைவிடக் கூடுதலாக மதிக்கிறார்கள் என்பதை 2022 இல் பெகி லியூ என்பவரின் ஆய்வுக்குழுவும் காட்டியிருக்கிறது.

கடைசியாக, உங்களைப் பற்றி. நம் குடும்பங்களில் பொறுப்பான மகள் ஒருத்தி கிடைத்துவிட்டால் எல்லாம் மெல்ல மெல்ல அவள் தலைக்கு வந்துவிடும். கிளினிக் நாள் வந்தால் "அவள் பார்ப்பாள்". சிலிண்டர் முடிந்தால் "அவளிடம் சொல்லு". விருப்பத்தோடு தொடங்கியது கடமையாகி, கடமை ஒரு நாள் கசப்பாகும். அப்படிக் கசந்துபோய் வருகிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன், அவர்கள் எல்லாரும் நல்ல மனத்தோடு தொடங்கியவர்கள். ஆகவே ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். இந்த மாதம் ஒன்று, அது பழகிய பிறகு இன்னொன்று. முடியாத நாளில் "இன்றைக்கு எனக்கு ஏலாது" என்று சொல்லுங்கள். கேட்கிறவர்கள் அதைத் தாங்குவார்கள்.

அதோடு, அன்பான சின்னச் செயல்களால் தீராத விஷயங்களும் வீடுகளில் உண்டு. அடி, குடி, மிரட்டல், ஒருவர் மாதக்கணக்கில் எழும்பாமல் படுத்துக்கிடக்கும் சோர்வு. அங்கே பொறுத்துக்கொண்டு இன்னும் நல்லவளாக இருக்க முயல்வது மருந்தாகாது. பெண்களுக்கான உதவிக்கு 1938, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்கள் நாட்டில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. தெரிந்தவர்கள் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் உங்கள் தலையிலேயே விழாமல் இருக்க, தம்பிக்கும் ஒரு அலுவலை இப்போதே பழக்குங்கள். பரீட்சை முடிந்த பிறகு என்று தள்ளிப்போட்டால் அது நடக்காது. அம்மம்மாவின் இரவுக் குளிசையை எடுத்துக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை, படிப்புக்கு ஒரு கெடுதியும் வராது. மருந்துப் பையில் நீங்கள் ஒட்டிய எழுத்தை அவனுக்குக் காட்டிக் கொடுங்கள். முதல் கிழமை மறப்பான், ஞாபகப்படுத்துங்கள். பிறகு அம்மம்மாவே "தம்பி, என்ரை குளிசை எங்கை?" என்று அவனைக் கூப்பிடத் தொடங்குவார்.